பன்றிப் பண்ணையில் மருந்தும் ஆசிடும்: புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு

குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, திருவட்டார் பக்கத்துப் பன்றிப் பண்ணைகள் பலவும் ரப்பர் தோட்டத்துக்குள்ளேதான் இருக்கின்றன. கூட்டை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கியிருப்பார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் ரப்பர் பால் உறைய விடுகிற ஆசிட் கேன் ஒரு மூலையில் இருக்கும். அதன்மேல் பிளீச்சிங் பவுடர் மூட்டை. பக்கத்தில் பினாயில், காஸ்டிக் சோடா, உண்ணி மருந்து, எலி மருந்து, சுண்ணாம்பு. ஆணியில் ஒரு சாரமும் (லுங்கி) தோர்த்தும் (துண்டு) தொங்கும். சில இடங்களில் தவிட்டு மூட்டையும் அங்கேயேதான் அடுக்கியிருக்கும்.

இதில் எதைக் கண்டும் பயந்து ஓட வேண்டியதில்லை. தனித்தனியாக மூடி வைத்திருக்கும் வரை இவை சும்மா கிடக்கும். சேரக் கூடாதது சேரும்போதுதான் வினை: ஆசிடோடு பிளீச்சிங், மூத்திரத்தோடு பிளீச்சிங், காஸ்டிக்கோடு கண், மருந்தோடு குடிதண்ணீர்க் குப்பி. பத்துப் பன்னிரண்டு வருடமாகப் பண்ணை வேலை பார்க்கிறேன். நான் கண்ட விபத்துகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். அதனால் எந்த மருந்துக்கு எவ்வளவு வீரியம் என்று மனப்பாடம் செய்வதைவிட, எதை எதோடு சேர்க்கக் கூடாது, எதற்குப் பிறகு எதைச் செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்வது புதிதாக வருகிறவருக்கு அதிகம் உதவும்.

நான் இதைப் படித்தது இப்படி. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், குட்டிகளைப் பிரித்த பிறகு காலியான கூடு ஒன்றைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். மழைக்காலம், நாற்றம் தாங்கவில்லை. சாணியை மேலோட்டமாக வழித்துப் போட்டுவிட்டு, மூத்திரம் தேங்கி நின்ற தரையில் பிளீச்சிங் பவுடரை இரண்டு கை அள்ளி வீசினேன். நாற்றத்துக்கு நல்லது என்று நினைப்பு. கொஞ்ச நேரத்தில் கண் எரிந்தது. தொண்டையை யாரோ பிடித்த மாதிரி அடைத்தது. இருமல் நிற்கவே இல்லை. மூத்த வேலைக்காரர் ஒருவர் கையைப் பிடித்து வெளியே இழுத்து, ஒரு ரப்பர் மரத்து மூட்டில் உட்கார வைத்தார். "மூத்திரத்துக்க மேல பிளீச்சிங் போடாதன்னு யாரும் சொல்லித் தரல்லியா மக்கா?" என்று கேட்டார். யாரும் சொல்லித் தரவில்லை. மூத்திரத்தில் உள்ள அம்மோனியாவும் பிளீச்சிங்கில் உள்ள குளோரினும் சேர்ந்தால் குளோரமின் என்ற எரிச்சல் வாயு கிளம்பும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் நாள் சாய்ப்பைப் பாருங்கள்

வேலைக்கு வந்த அன்றைக்கே, பண்ணைக்காரரிடம் சொல்லி சாய்ப்பில் உள்ள ஒவ்வொன்றையும் காட்டச் சொல்லுங்கள். இது என்ன, எதற்கு, எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். மூடியைத் திறந்து மோந்து பார்த்து அடையாளம் காணும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அதை மட்டும் வேண்டாம்.

பூச்சிமருந்து டப்பாக்களில் மூலை கீழே இருக்கும்படி சாய்த்து வைத்த ஒரு சதுரம் அச்சிட்டிருக்கும். அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தின் நிறம்தான் விஷயம். சிவப்பு என்றால் கொடிய விஷம், மேலே மண்டையோட்டுப் படமும் இருக்கும். அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றால் விஷமே இல்லை என்று அர்த்தம் இல்லை, மற்றதைவிடக் குறைவு, அவ்வளவுதான். இந்தச் சதுரம் பூச்சிமருந்துக்கும் எலிமருந்துக்கும்தான். ஆசிட், காஸ்டிக் கேன்களில் இது இருக்காது. கையின் மேல் திரவம் சொட்டி அரிப்பதுபோல ஒரு படம் இருந்தால், அது தோலையும் கண்ணையும் வேக வைக்கும் சரக்கு என்று புரிந்துகொள்ளுங்கள்.

நம் ஊரில் பெரிய சிக்கல் லேபிள் இல்லாத குப்பிகள். ரப்பர் ஆசிட் என்று நாம் சொல்வது ஃபார்மிக் ஆசிட். கேனில் வருவது சுமார் 85 சதவீத வீரியம். பார்க்கப் பச்சைத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். அதைச் சில்லறையாக வாங்குகிறவர்கள் தண்ணீர் பாட்டிலிலும் ஜூஸ் குப்பியிலும் ஊற்றிக் கொண்டுவந்து கட்டைச் சுவரில் வைத்துவிடுவார்கள். வெயிலில் வேலை செய்துவிட்டு வருகிறவன் கை அதைத்தான் முதலில் எடுக்கும். ஒரு மடக்கு போதும், வாயிலிருந்து வயிறு வரை வெந்துவிடும். ரப்பர் ஊர்களில் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு இது புதிய கதை இல்லை.

ஆகவே ஒரு கட்டாயம்: குடிக்கிற எதுவும் வந்த குப்பியில் மருந்து எதுவும் போகக் கூடாது, மருந்து வந்த கேனில் குடிதண்ணீரோ பன்றிக்குத் தண்ணீரோ போகக் கூடாது. பேர் தெரியாத குப்பி கண்ணில் பட்டால் நீங்களே ஊகித்து எங்கேயும் ஊற்ற வேண்டாம். மூடியை இறுக்கி, தனியே வைத்து, பண்ணைக்காரரிடம் காட்டுங்கள். கூட வேலை செய்கிற தம்பிகள் வடமாநிலக்காரர்களாக இருந்தால் தமிழில் எழுதி ஒட்டியது அவர்களுக்கு உதவாது. சிவப்பு பெயிண்டில் ஒரு மண்டையோடு வரைந்து, அவர்கள் கையாலேயே இந்தியில் பேரை எழுத வையுங்கள்.

அடுக்கி வைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ஆசிடும் பிளீச்சிங்கும் ஒரே அறையில் இல்லாமல் இருப்பதே நல்லது. வேறு வழியே இல்லை என்றால் எதிரெதிர் சுவர். திரவம் எப்போதும் கீழே, பவுடர் மேலே, ஏனென்றால் கேன் ஒழுகினால் கீழே இருக்கிற மூட்டைதான் நனையும். நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. பிளீச்சிங் மூட்டை ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும், வீரியமும் போய்விடும். மூடிய அறைக்குள் அதிலிருந்து கசியும் குளோரின் தகரத்தையும் பூட்டையும்கூடத் துருவேற்றிவிடும். ஆகவே தரையில் வைக்காமல் பலகை போட்டு, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சிறிய மூட்டையாக வாங்கிச் சீக்கிரம் தீர்ப்பது இன்னும் நல்லது. தவிடு, புண்ணாக்கு, மரச்சீனிக் கிழங்கு எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது. கிணற்றுப் பக்கம் வேண்டவே வேண்டாம். கதவுக்குப் பூட்டு.

உடுப்பு

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காஸ்டிக் தெளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முழங்காலுக்குக் கீழே வடு இல்லாதவர் அவர்களில் குறைவு. முழு பேண்ட், முழுக்கைச் சட்டை, கம்பூட்ஸ். பேண்ட்டை பூட்ஸுக்குள் செருகாதீர்கள், வெளியே விடுங்கள். செருகினால் வழிகிற மருந்து நேராக உள்ளே இறங்கி, சாயங்காலம் வரை பாதத்தை ஊற வைக்கும்.

கையுறை விஷயத்தில், ரப்பர் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது. தண்ணீரில் கரைத்த காஸ்டிக், ஆசிட், பிளீச்சிங்குக்குத் தடித்த ரப்பர் கையுறை போதும். ஆனால் தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி வெளுக்கும் உண்ணி மருந்துகள் எண்ணெய்க் கரைப்பானில் கலந்து வருபவை. அவை சாதாரண ரப்பரை ஊடுருவும். அதற்கு நைட்ரைல் கையுறை வாங்கிக்கொள்ளுங்கள். கூரையை நோக்கிக் கையை உயர்த்தித் தெளிக்கிற வேலை என்றால் கையுறையின் விளிம்பை வெளிப்பக்கமாக ஒரு மடிப்பு மடித்துவிடுங்கள். வழிந்து வருவது முழங்கைக்கு ஓடாமல் அந்த மடிப்பில் நிற்கும். வேலை முடிந்ததும் கையுறையைக் கையில் போட்டபடியே சோப்பால் கழுவிவிட்டுப் பிறகு கழற்றுங்கள்.

மூக்கில் தோர்த்தைக் கட்டுவதால் எந்த வாயுவும் நிற்காது. அது மருந்தை உறிஞ்சி மூக்குக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும், அதுதான் மிச்சம். என்95 முகமூடி சுண்ணாம்புத் தூள், பிளீச்சிங் தூள் போன்றவற்றைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. வாயுவுக்குப் பக்கவாட்டில் உருளை பொருத்திய முகமூடி வேண்டும், அந்த உருளையும் எந்த வாயுவுக்கு உரியது என்று பார்த்து வாங்க வேண்டும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் நான் முதலில் வாங்கச் சொல்வது கண்ணாடி. நாலு பக்கமும் மூடிய, தெறித்தால் உள்ளே போகாத கண்ணாடி. கை வெந்தால் ஆறும், கண் அப்படி இல்லை.

முதலில் கழுவு, அப்புறம் மருந்து

கூட்டுக்குக் கிருமிநாசினி அடிப்பதில் முக்கால்வாசி வேலை மருந்துக்கு முன்னால்தான் இருக்கிறது. பன்றிகளை வேறு கூட்டுக்கு மாற்றுங்கள். தொட்டியில் மிஞ்சிய தீனியை எடுத்துவிடுங்கள். சாணியை மண்வெட்டியால் வழித்துக் குழிக்குக் கொண்டுபோங்கள். பிறகு தண்ணீரைப் பீய்ச்சி, மூத்திரம் தேங்கும் மூலைகளையும் ஓடையையும் தள்ளிக் கழுவுங்கள். சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, மறுபடி நல்ல தண்ணீரில் அலசுங்கள். தரை காய்ந்த பிறகுதான் மருந்து.

இந்த வரிசைக்குக் காரணம் சுத்தம் மட்டும் இல்லை. சாணி இருந்தால் பிளீச்சிங்கின் குளோரின் சாணியோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும், கிருமிக்கு எதுவும் மிஞ்சாது. மூத்திரம் இருந்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்னேன். காஸ்டிக்கையோ சுண்ணாம்பையோ மூத்திரத் தரையில் போட்டாலும் அம்மோனியா குப்பென்று கிளம்பும். சோப்பை அலசாமல் விட்டால் குவாட்டர்னரி அமோனியம் என்று லேபிளில் போட்டிருக்கும் கிருமிநாசினிகள் வேலை செய்யாமல் போய்விடும். தரையில் தண்ணீர் தேங்கி நின்றால் நீங்கள் அளந்து கலந்த மருந்தெல்லாம் நீர்த்துப்போகும். அதிகமாக மருந்து கொட்டி, அதிகமாக மூச்சு முட்டி, கடைசியில் கிருமியும் சாகாத பண்ணைகளில் நடப்பது இதுதான்.

கலக்கும் கணக்கு

லேபிளில் 2 சதவீதம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம், 10 லிட்டர் வாளிக்கு 200 கிராம். கை அளவு, சிரட்டை அளவு எல்லாம் வேண்டாம். ஒரு சின்னத் தராசும் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளையும் மருந்துக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குவளை அடுக்களைப் பக்கம் போகக் கூடாது.

2020-இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும், 2022-இல் பக்கத்து மாநிலத்தில் வயநாட்டிலும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்த பிறகு, காஸ்டிக் சோடா இல்லாத பண்ணை இல்லை என்றாகிவிட்டது. பொதுவாக 2 சதவீதக் கரைசலாகத்தான் அதைப் பயன்படுத்துகிறோம். புதிதாக வருகிறவர்கள் அதிகம் வெந்துகொள்வது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பிளாஸ்டிக் வாளி எடுங்கள். அலுமினியப் பாத்திரமும் தகர வாளியும் கூடாது, காஸ்டிக் அவற்றை அரித்து எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். வாளியை வெளியில் திறந்த இடத்தில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி வையுங்கள். முதலில் 10 லிட்டர் பச்சைத் தண்ணீர் முழுவதையும் நிரப்புங்கள். வெந்நீர் வேண்டாம். கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு, அளந்த 200 கிராமைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் விட்டு, நீளமான கம்பால் கலக்குங்கள். முகத்தை வாளிக்கு நேர் மேலே கொண்டுபோகாதீர்கள். இப்படிச் செய்தால் வாளி லேசாக வெதுவெதுப்பாகும், அவ்வளவுதான். பலர் செய்வது என்னவென்றால், காஸ்டிக் செதிலை முதலில் வாளியில் கொட்டி அதன்மேல் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிக் 'கரைத்துக்கொண்டு' பிறகு நிரப்புவது. அந்த ஒரு செம்புத் தண்ணீர் கொதித்து மேலே தெறிக்கும். 200 கிராம் சூட்டையும் 10 லிட்டர் வாங்குவது வேறு, ஒரு செம்பு வாங்குவது வேறு.

தோலில் பட்டால் காஸ்டிக் உடனே சுடாது என்பது இன்னொரு ஏமாற்று. முதலில் சோப்பு மாதிரி வழவழப்பாக இருக்கும். அந்த வழவழப்பு உங்கள் தோல் கரைவதுதான். வழுக்கினால் நின்று யோசிக்காமல் தண்ணீர்க் குழாய்க்குப் போய்விடுங்கள். தரையில் அடித்த பிறகு அரை மணி நேரமாவது விட்டு, நன்றாகக் கழுவிவிட்ட பின்னரே பன்றிகளை ஏற்ற வேண்டும். இல்லையென்றால் அவற்றின் குளம்பும் மடியும் புண்ணாகும். கோமாரிக்காக மட்டும் என்றால் காஸ்டிக்கே தேவையில்லை, 4 சதவீதச் சலவைச் சோடா போதும்.

சுட்ட சுண்ணாம்புக்கும் இதே கணக்குத்தான். தண்ணீரில் சுண்ணாம்பைப் போடுங்கள், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். வெள்ளையடிக்க நீற்றும்போது அது கொதிப்பதை எல்லாரும் வீட்டில் பார்த்திருப்பீர்கள். பார்த்துப் பழகியதாலேயே பயம் போய்விட்டது.

பிளீச்சிங் பவுடரை அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கரையுங்கள். நல்ல பவுடரில் குளோரின் 30 சதவீதத்துக்குச் சற்று மேலே இருக்கும். அதில் 30 கிராமை ஒரு லிட்டரில் கரைத்தால் ஏறக்குறைய 1 சதவீதக் குளோரின் கரைசல். இதோடு வேறு எதையும் சேர்க்காதீர்கள். கழிப்பறை கழுவும் ஆசிட் வேண்டாம், ரப்பர் ஆசிட் வேண்டாம், பினாயில் வேண்டாம். ஆசிட் பட்டால் வருவது குளோரின் வாயு. முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்லத் திறந்துவிட்டது அதே வாயுதான். பண்ணையில் இது நடக்கிற விதம் மிகச் சாதாரணமானது: காலையில் ஆசிட் கலந்த வாளியை அலசாமல் மதியம் ஒருவர் பிளீச்சிங் போட எடுப்பார். அதனால் வாளிகளுக்கு நிறம் பிரித்துவிடுங்கள். எங்கள் பண்ணையில் நீலம் பிளீச்சிங்குக்கு, சிவப்பு காஸ்டிக்குக்கு. ஆசிட் வாளி ரப்பர் ஷீட் அடிக்கும் இடத்தை விட்டு வரவே வராது.

வாசலில் கால் நனைக்கும் தொட்டி வைத்திருந்தால் அதில் பூட்ஸோடு இறங்குங்கள், வெறுங்காலோடு வேண்டாம். சாணியைத் தேய்த்துக் கழுவிவிட்டு இறங்கினால்தான் பயன். கலங்கினால் மாற்றுங்கள்.

ஈ, உண்ணி, சொறி, எலி

ஈயும் புழுவும் பெருகினால் கடையில் போய் 'நுவான்' கேட்பது பழைய பழக்கம். அது டைக்குளோர்வாஸ். 2018-இல் வந்த மத்திய அரசு ஆணைப்படி 2020 டிசம்பர் 31 முதல் அதற்கு நாடு முழுவதும் தடை. யாரிடமாவது பழைய குப்பி மிச்சம் இருந்து, "இதுதான் வேலை செய்யும்" என்று நீட்டினால் வாங்காதீர்கள். நரம்பைத் தாக்கும் வகை அது. வியர்வையும் எச்சிலும் கொட்டும், கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கும், மூச்சு இழுக்கும். உண்மையில் ஈக்குச் சிறந்த மருந்து சாணியைத் தினமும் அள்ளுவதும் குழியை மூடுவதும்தான். ஆனால் அதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை.

சொறிக்கும் உண்ணிக்கும் அமிட்ராஸ், டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் மாதிரி மருந்துகளைக் கால்நடை மருத்துவர் எழுதித் தருவார். தெளிக்கும்போது காற்றுக்கு எதிரே நிற்காதீர்கள். தீனித் தொட்டியையும் தண்ணீர்த் தொட்டியையும் முதலில் மூடிவிடுங்கள். மூடிய கூட்டுக்குள் நின்று அடிக்க வேண்டாம். ஸ்ப்ரேயர் மூக்கு அடைத்துக்கொண்டால் வாயால் ஊதாதீர்கள், பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். சைபர்மெத்ரின் வகை முகத்தில் பட்டால் எறும்பு ஊர்வது மாதிரி குறுகுறுப்பும் எரிச்சலும் வரும். சோப்புப் போட்டுக் கழுவினால் பெரும்பாலும் ஒரு நாளில் தணியும். அமிட்ராஸ் உள்ளே போனால் ஆள் தூக்கக் கலக்கத்தில் விழுவார், நாடித்துடிப்பு குறையும். வெளியிலிருந்து பார்க்கும் டாக்டர் இதையும் மற்றப் பூச்சிமருந்து விஷத்தையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு, சிகிச்சையோ வேறு வேறு. அதனால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டப்பாவையும் எடுத்துப் போகச் சொல்கிறோம். மருந்து அடித்த, ஊசி போட்ட பன்றியை எத்தனை நாள் கழித்து வெட்டலாம் என்று லேபிளில் இருக்கும். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் நெருங்கும்போது அந்தக் கணக்கை முதலாளிக்கு நினைவுபடுத்துவது வேலைக்காரரின் வேலைதான்.

எலிக்கு வைக்கும் மருந்தைப் பன்றி எட்டாத, குட்டி மூக்கு நுழையாத குழாய்க்குள் வையுங்கள். செத்த எலியைக் கையுறை போட்டு எடுத்து ஆழமாகப் புதையுங்கள், பன்றி அதையும் தின்றுவிடும். மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசைக்குத் தமிழ்நாட்டில் தடை உண்டு. தானியத்தில் பூச்சிக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைத் தீனி அறைக்குள் கொண்டுவராதீர்கள். ஈரம் பட்டதும் அதிலிருந்து வருவது பாஸ்பீன் என்ற விஷவாயு, ஒட்டிய அறையில் படுத்திருப்பவர் எழுந்திருக்க மாட்டார்.

புகை போடுவதும் ஊசியும்

காலிக் கூட்டில் ஃபார்மலினையும் பெர்மாங்கனேட்டையும் சேர்த்துப் புகை போடும் வழக்கம் கோழிப் பண்ணைகளிலிருந்து நம்மிடம் வந்தது. இரண்டும் சேர்ந்ததும் கொதித்துப் பொங்கும், சூட்டில் தீப்பிடிப்பதும் உண்டு. வருகிற ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. நாலு பக்கமும் திறந்த பன்றிக் கூட்டில் புகை நிற்கவும் நிற்காது. புதிதாக வந்தவர் இதைச் செய்யவே வேண்டாம். செய்யச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

ஊசி மருந்தில் ஒன்று மட்டும். பன்றி குட்டி போட நாள் குறிக்கப் பயன்படுத்தும் புரோஸ்டாகிளாண்டின் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். கர்ப்பமாக இருக்கும் பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்தக் குப்பியைத் தொடக் கூடாது. உங்கள் கையிலேயே ஊசி குத்திவிட்டால், அது எந்த மருந்தாக இருந்தாலும், பேரைக் குறித்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

குழி

இது கடையில் வாங்கும் சரக்கு இல்லை, பண்ணை தானே உண்டாக்குவது. ஆனால் மேலே சொன்னவற்றைப் போலவே இதுவும் ஆளைக் கொல்லும். சாணிக் குழியிலும் கோபர் கேஸ் தொட்டியிலும் ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன், அம்மோனியா சேர்ந்திருக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிப்பது ஹைட்ரஜன் சல்பைடு. அது காற்றைவிடக் கனம், குழியின் அடியில் தங்கும். அளவு கூடிப்போனால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. 'நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்' என்று நினைக்கிற நேரம்தான் மோசமான நேரம். நாள்பட்ட குழியைக் கலக்கும்போது அடைந்து கிடந்தது மொத்தமாகக் கிளம்பும். ஷீட் அடித்த ஆசிட் தண்ணீரை அதே குழிக்குத் திருப்பிவிட்டால் இன்னும் அதிகமாகக் கிளம்பும். நம் பக்கத்துப் பண்ணைகளில் இந்த இரண்டு ஓடையும் சேர்ந்து போவதைப் பார்க்கிறேன். பிரித்துவிடுங்கள்.

குழிக்குள் எதற்காகவும் இறங்காதீர்கள். கலக்குவதோ அள்ளுவதோ வெளியில் நின்று நீளமான கம்பாலோ பம்பாலோ. பக்கத்தில் பீடி பற்ற வைக்காதீர்கள். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் அடுத்தவர் குதிக்கக் கூடாது. எழுதுவதற்கு எளிது, விழுந்தது தம்பியோ மகனோ என்றால் யார் கேட்பார் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் முதலில் இறங்கியவரைக் காப்பாற்ற இறங்கியவர்கள்தான் இப்படிப்பட்ட குழிகளில் கூடுதலாகச் செத்திருக்கிறார்கள். கயிற்றை வீசுங்கள், தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள். 

மிச்சம்

மீந்த கரைசலை வாய்க்காலிலோ குளத்திலோ விடாதீர்கள். கீழே யாரோ குளிக்கிறார்கள், யாரோ மாட்டைக் கழுவுகிறார்கள். பூச்சிமருந்து கொஞ்சம் போதும், மீன் செத்து மிதக்கும். பினாயிலோ பிளீச்சிங்கோ கலந்த தண்ணீரைக் கோபர் கேஸ் தொட்டிக்கு விட்டால் கேஸ் உண்டாக்கும் கிருமியும் சேர்ந்து செத்துப்போய், அடுப்பு எரியாமல் வீட்டில் திட்டு வாங்குவீர்கள். தேவைக்கு மட்டும் கலப்பதே நல்ல வழி. காலி டப்பாவை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரையும் ஸ்ப்ரேயரிலேயே ஊற்றி அடித்துத் தீர்த்துவிடுங்கள். டப்பாவின் அடியில் ஆணியால் ஓட்டை போடுங்கள், யாரும் தண்ணீர் பிடிக்கக் கொண்டுபோக மாட்டார்கள். எரிக்க வேண்டாம்.

பட்டுவிட்டால்

கண்ணில் பட்டால் வேறு எந்த யோசனையும் வேண்டாம், தண்ணீர்தான். குழாயடியில் இமையை விரலால் விரித்துப் பிடித்து, 20 நிமிடமாவது ஓடவிடுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர் எதுவும் வேண்டாம். 20 நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று கழுவும்போதுதான் தெரியும், பலர் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டு ஆட்டோ தேடுவார்கள். கழுவி முடித்தபிறகு போங்கள், போகும் வழியிலும் பாட்டில் தண்ணீரால் கழுவிக்கொண்டே போகலாம்.

தோலில் பட்டால் உடுப்பைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள். சுண்ணாம்புத் தூளாக இருந்தால் முதலில் காய்ந்த துணியால் தட்டிவிட்டுப் பிறகு தண்ணீர். ஆசிட் பட்ட இடத்தில் சுண்ணாம்புத் தண்ணீர், காஸ்டிக் பட்ட இடத்தில் எலுமிச்சை என்று 'முறிக்கிற' வைத்தியம் செய்யாதீர்கள். முறியும்போது சூடு கிளம்பி இன்னும் வேகும்.

வாயு மூச்சில் போனால் வெளியே திறந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிமிர்த்தி உட்கார வையுங்கள். குளோரின் வகை வாயுவில் இருமல் அடங்கி, சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மறுபடி மூச்சுத் திணறலாம். ஆகவே 'சரியாகிவிட்டது' என்று வீட்டுக்கு அனுப்பாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். நான் அன்றைக்கு ரப்பர் மூட்டில் இருந்து எழுந்து நேராக வேலைக்குப் போனேன், அது தவறு.

குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர், சோப்புத் தண்ணீர் எதையும் புகட்டாதீர்கள். ஆசிடும் காஸ்டிக்கும் இறங்கும்போது வேக வைத்த வழியை ஏறும்போது இன்னொரு தடவை வேக வைக்கும். எண்ணெய்க் கரைப்பான் கலந்த மருந்து வாந்தியில் நுரையீரலுக்குள் போகும். வாயை மட்டும் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். மயக்கம் என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஆசாரிபள்ளத்தில் இருக்கிறது. எந்த விஷம், என்ன செய்வது என்று கேட்க டெல்லி எய்ம்ஸின் விஷத் தகவல் மையத்துக்கு 1800 116 117 என்ற கட்டணமில்லா எண் உண்டு. இந்த எண்களைச் சாய்ப்புக் கதவின் வெளிப்பக்கத்தில் பெயிண்டால் எழுதி வையுங்கள்.

தோட்டத்துக்குள் இருக்கும் பண்ணைக்கு வீட்டு எண்ணும் தெருவும் கிடையாது. எந்தக் குருசடிக்குப் பக்கத்தில் திரும்ப வேண்டும், எந்த ஷீட் புகைப்புரையைத் தாண்டி வர வேண்டும் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தால் ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டே இருக்கும். கூப்பிட்ட உடனே ஒருவரை ரோட்டு முக்குக்கு அனுப்பி நிறுத்துங்கள். இரவு என்றால் டார்ச்சோடு.